பை பிரிக்காத பேராயம்

முத்துக்குளித்துறைச் சித்திரக்கதைப் பேராயத்தின் விதிமுறைப் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சென்ற ஆண்டு இந்தக் கடற்கரையில் வெளிவந்த எந்தச் சித்திரக்கதைக்கும் அத்தனை பக்கம் கிடையாது. பேராயத்தின் தலைவர் முனைவர் தளவாய் இதைப் பெருமையாகவே சொல்லுவார். படைப்பைவிட அதை அளக்கிற கோல் நீளமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. துணிக்கடையில் போய்ச் சொன்னால் விரட்டிவிடுவார்கள். இலக்கியத்தில் கைதட்டினார்கள்.

அந்தப் புத்தகத்தின் நாற்பத்தோராம் விதிப்படி, ஆண்டின் விருப்ப நூலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உழைக்கும் மக்களிலிருந்து ஒரு வாசகர் இருக்க வேண்டும். மூன்று வருடமாக அந்த நாற்காலி காலி. "தேடினோம், கிடைக்கவில்லை" என்று செயலாளர் நயினார் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவந்தார். அவர் தேடிய இடம் பேராய அலுவலகத்தின் பால்கனி.

போன நவம்பரில் நயினார் துறைமுகச் சாலையில் டீ குடிக்க இறங்கினார். வரிசையில் நின்ற ஒரு டிரெய்லர் லாரியின் கேபினில் ஒருவன் கால்மேல் கால் போட்டுச் சித்திரக்கதை படித்துக்கொண்டிருந்தான். நயினார் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

"அண்ணாச்சி, நீங்க உழைக்கும் மக்களா?"

"இப்ப உழைக்கல. வரிசைல நிக்கேன்," என்றான் பாஸ்கல்.

பாஸ்கல் திரேஸ்புரத்துக்காரன். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே குமட்டும். அதனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். நாற்பத்து நான்கு வயது. கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு வந்தால் துறைமுக வாசலில் நாலு மணி நேரமும் நிற்கலாம், நாளைக்கு இதே நேரம் வரைக்கும் நிற்கலாம். மற்ற டிரைவர்கள் போனைத் தேய்ப்பார்கள், பாஸ்கல் படக்கதை படிப்பான். அந்த வருடம் மட்டும் பதினோரு புத்தகம். பத்தைப் படித்து முடித்துப் பின்னால் நிற்கிற லாரிக்குக் கொடுத்துவிட்டான். ஒன்றை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை.

அது 'கிரேன்காரி கனகம், முதல் பாகம்.' ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சந்தனச்செல்வி என்பவள் வரைந்து, எழுதி, தானே அச்சடித்தது. கதை இதுதான்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கனகம் ஒரு கன்டெய்னரைத் தூக்குகிறாள். அது அந்தரத்தில் தொங்கும்போது உள்ளேயிருந்து மூன்று முறை தட்டும் சத்தம். சீல் உடையவில்லை, காகிதம் எல்லாம் சரி, திறக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மறுபடியும் மூன்று தட்டு. அத்தோடு முதல் பாகம் முடிந்துவிட்டது.

உள்ளே யார்? பாஸ்கலுக்கு இந்தக் கேள்வி எட்டு மாதமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. தன் லாரியில் ஏற்றும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தான். அவன் மனைவி விஜிலா, "எல்லாருக்கும் புருசன் குடிச்சுக் கெடுவான், எனக்குப் பொம்மப் புக்கு," என்று தலையில் அடித்துக்கொண்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இதை யாராவது தேர்ந்தெடுத்தால், இரண்டாம் பாகமும் அச்சாகும்' என்று போட்டிருந்தது. அதனால்தான் நயினார் கூப்பிட்டதும் பாஸ்கல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பேராய அலுவலகம் பொன்னுதுரை டைல்ஸ் கடையின் மாடி. பொன்னுதுரைதான் பொருளாளர். வாசலிலிருந்து கழிப்பறைவரை ஒவ்வொரு சதுர அடியும் ஒவ்வொரு மாதிரி டைல்ஸ், விற்காமல் மிஞ்சியவை. மேசைமேல் பதினேழு துணிப்பைகள். ஒவ்வொன்றும் வாய் தைத்து அரக்கு முத்திரை வைத்து எண் போட்டது.

"இதுக்குள்ள என்ன சார்?"

"புத்தகங்கள்," என்றார் தளவாய்.

"பிரிச்சிட்டா உக்காந்து படிக்கலாம்லா?"

நயினார் பேனாவை மூடினார். தளவாய் எழுந்து நின்றார். மூன்று பேர் இருக்கிற அறையிலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"தம்பி, நம் முன்னோர் முத்துக்குளித்த காலத்தில் சிப்பியை எப்படி விற்றார்கள்? குவியல் குவியலாக, வாய் திறக்காத சிப்பியாக. ஏலம் எடுத்தவன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டானா? கேட்கவில்லை. திறந்து பார்த்து விலை சொல்வது வியாபாரம். திறக்காமல் சொல்வது பண்பாடு. பேராயம் பதினான்கு ஆண்டுகளாக ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. ஆகவேதான் நமது தீர்ப்பில் இன்றுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்கப்படவில்லை."

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவர்கள் யாரும் சிப்பியைக் கண்ணால் பார்த்ததில்லை. தளவாய்க்கு மீன் வாடையே ஆகாது. மரபைக் காப்பாற்ற இதைவிடத் தோதான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

"ஏலம் எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டு போயித் தொறப்பாம்லா சார்?" என்று கேட்டான் பாஸ்கல்.

"அது அவருடைய தனிப்பட்ட விஷயம்," என்றார் தளவாய்.

நயினார் குறிப்பில் எழுதினார்: 'தலைவரின் கருத்தை வாசக உறுப்பினர் வழிமொழிந்தார்.'

மதிப்பீடு தொடங்கியது. ஒவ்வொரு பையையும் மூவரும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள், காதருகே ஆட்டினார்கள், மோந்தார்கள். "மூன்றாம் எண்ணில் ஒரு கனம் தெரிகிறது. சமூக அக்கறை," என்றார் தளவாய். "பதினோராம் எண் ஓரம் குத்துது. அங்கதம்," என்றார் நயினார். பொன்னுதுரை ஒவ்வொரு பையையும் தட்டிப் பார்த்து, "கீறல் இல்ல," என்று மட்டும் சொன்னார். அவர் தொழில் அது. பிறகு பித்தளையில் செய்த ஒரு பெரிய சல்லடை வந்தது. அந்தக் காலத்தில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தார்களாம். அதன் ஓட்டையில் விழாமல் நிற்கிற பைதான் முதல் தரம். படக்கதைப் புத்தகம் எப்படியும் ஒல்லியாகத்தானே இருக்கும், பதினேழும் விழுந்தன. "இந்த ஆண்டு படைப்புகள் மெலிவாக உள்ளன," என்று தீர்மானம் எழுதப்பட்டது.

பாஸ்கலின் முறை வந்தது. அவன் பையைத் தொடவில்லை.

"சார், எனக்கு ஆட்டிப் பாத்துச் சொல்லத் தெரியாது. நான் படிச்சிருக்கேன். இதுல பதினொண்ணு படிச்சிட்டேன். 'கிரேன்காரி கனகம்' மாதிரி ஒண்ணு வரல சார். அந்தப் பிள்ள கன்டெய்னர் துருவக்கூட வரைஞ்சிருக்கு. நான் நாலு தடவ படிச்சேன், ஒவ்வொரு தடவயும் அந்தத் தட்டுத சத்தம் கேக்கி."

சொல்லிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து டீக்கறை படிந்த தன் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தான். பொன்னுதுரை நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"எத்தனையாம் எண்?" என்றார் தளவாய்.

நயினார் பட்டியலைப் பார்த்தார். "ஒன்பது."

"திறக்கப்பட்ட சிப்பி," என்று தளவாய் கண்ணை மூடினார். "விதி பதினெட்டு. தேர்வுக்கு முன் திறக்கப்பட்டது தேர்வுக்கு உரியதன்று. ஒன்பதாம் எண்ணை நீக்குங்கள்."

"சார், படிச்சது நானுல்லா? அந்தப் பிள்ள என்ன செஞ்சிது?"

"திறக்கத் தூண்டுகிற விதத்தில் எழுதியிருக்கிறார்."

மற்ற பத்துப் புத்தகங்களையும் படித்ததாகச் சொன்னானே, அவற்றை ஏன் நீக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பத்தையும் நீக்கினால் விழா நடத்த முடியாது. விதி பதினெட்டை மேசைமேல் கண்ணில் படும் பிரதிக்கு மட்டும் பொருத்திக்கொண்டார்கள்.

பாஸ்கல் தன் பிரதியை எடுத்து மறுபடி சட்டைக்குள் செருகினான். ஊர் முழுக்க ஒரு புத்தகத்தை உயிராகப் படித்தவன் இவன் ஒருவன், இவன் படித்ததாலேயே அது போயிற்று. அவன் முகத்தைப் பார்த்து நயினாருக்கே பாவமாகிவிட்டது. "தலைவரே, 'வரும் ஆண்டின் நம்பிக்கைகள்'னு ஒரு பட்டியல் இருக்குல்ல? அதுல அந்தப் பொண்ணோட ரெண்டாம் பாகத்தச் சேக்கலாமே," என்றார்.

தளவாய் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். நிபந்தனை மூன்று: மூலப்படங்களே வர வேண்டும். வேறு பிரதி இருக்கக் கூடாது, ஏனென்றால் முத்து ஒன்றுதான். எந்தக் கண்ணும் அதைப் பார்த்திருக்கக் கூடாது. கொண்டுவருகிற பொறுப்பு வாசக உறுப்பினருடையது.

மறுநாளே பாஸ்கல் ஓட்டப்பிடாரம் போனான். சந்தனச்செல்வி யாருக்கோ பட்டா நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், விரலெல்லாம் மை. பாஸ்கல் நடந்தது எல்லாவற்றையும் சொன்னான், சல்லடை உட்பட. அவன் முடித்ததும் அவள் மெஷினுக்கு அடியிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தாள். அறுபத்து நான்கு பக்கம், இரண்டாம் பாகம்.

"ஒங்களத் தவிர யாரும் மொதப் பாகத்தப் பத்தி எங்கிட்டப் பேசினதே இல்ல அண்ணாச்சி. இங்கன ஸ்டூல் கெடக்கு. உக்காந்து படிச்சிட்டுக் கொண்டு போங்க."

பாஸ்கலின் கை தானாக நீண்டது. எட்டு மாதத்து முள் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்ளா. நான் பாத்தா இதுவும் போச்சு. மொதப் பாகத்துக்கு நான் பண்ணின பாவம் போதும். தெரிஞ்செடுக்கட்டும், அப்புறம் படிச்சிக்கிடுதேன்."

"படிக்கதுக்குத்தான அண்ணாச்சி வரைஞ்சேன்?"

"விதி இருக்கு."

அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கால் மணி நேரம் கழித்துத் தைத்த பையோடு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. பையைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு ஆதார் நகல் எடுக்கப் போய்விட்டாள்.

பாஸ்கல் அந்தப் பையைத் தூத்துக்குடிவரை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினான். ஒரு தடவைகூட ஆட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் கூட்டத்தில்தான் மிச்ச மரபும் வெளியே வந்தது. தளவாய் எழுந்தார்.

"சிப்பியை ஏலம் எடுத்தபின் என்ன செய்தார்கள்? கடற்கரையில் குவித்து அழுகவிட்டார்கள். சதை அழுகிப் போகும், முத்து நிற்கும். காலத்தை வென்ற படைப்பு, காலத்தை வென்ற படைப்பு என்கிறோமே, எந்தப் படைப்பையாவது காலத்தின் கையில் கொடுத்திருக்கிறோமா? இந்த ஆண்டு முதல் நாற்பது நாள் கொடுப்போம். பொருளாளரின் உப்பளத்துக் கிடங்கு இருக்கிறது. கூரையில் வசதியாக ஓட்டைகளும் இருக்கின்றன."

"சார், பேப்பர் அழுகும்."

"முத்து அழுகாது."

"முத்து பேப்பர்ல செய்யல சார்."

தளவாய் புன்னகைத்தார். "நல்ல படைப்பு என்றால் நிற்கும். நிற்கவில்லை என்றால் அது நல்ல படைப்பில்லை என்று தெரிந்துவிடும். எங்கள் யாருடைய சொந்த விருப்பு வெறுப்பும் இதில் கிடையாது."

"அப்ப அந்த ரெண்டாம் பாகத்தத் திருப்பித் தந்திருங்க. அது ஒரே ஒரு பிரதி சார், அந்தப் பிள்ள மறுபடி வரையணும்னா ஒரு வருசம் ஆகும்."

"நம்பிக்கையைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை," என்றார் நயினார், பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே. பிறகு எழுதினார்: 'அழுகவிடும் திட்டத்தை வாசக உறுப்பினர் உணர்ச்சிபூர்வமாக வழிமொழிந்தார்.'

அந்த மார்கழியில் மழை கொட்டியது. பாஸ்கல் ஒரு நாள் லாரித் தார்ப்பாயை உருவிக்கொண்டு போய்க் கிடங்குக் கூரையில் போர்த்தினான். மூன்றாம் நாள் நயினார் வந்து அதை அவிழ்த்தார். காலத்தின் பணியில் தலையிட்டதாக அவனிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தார்ப்பாயைப் பேராயம் பறிமுதல் செய்து, அலுவலகப் பால்கனிக்குப் பந்தலாகக் கட்டிக்கொண்டது.

நாற்பதாம் நாள் கிடங்கைத் திறந்தபோது முழங்கால் தண்ணீரில் பதினாறு பைகளும் கூழாகக் கிடந்தன. நம்பிக்கைப் பட்டியலின் ஒரே பையைப் பாஸ்கல் தேடி எடுத்தான். தையல் விட்டு, உள்ளேயிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ வழிந்தது. அவன் அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதான். நாற்பத்து நான்கு வயது ஆள், படக்கதைக்காக. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேரும் கிடங்கின் மூலையில் கூடி நின்றார்கள். அங்கே மேடான இடத்தில் ஒரு துணிப்பை, கனமாக, கம்பீரமாக, துளியும் நையாமல் இருந்தது.

"இதுக்கு எண் இல்லையே," என்றார் நயினார்.

"அடக்கம்," என்றார் தளவாய்.

சல்லடை வந்தது. பை அதில் விழவில்லை. சல்லடைதான் வளைந்தது.

ஜனவரியில் விழா. 'சென்ற ஆண்டின் விருப்ப நூலும் வரும் ஆண்டின் நம்பிக்கைகளும்' என்று மேடை அகலத்துக்குப் பேனர். கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர், சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். வாய் தைத்துப் பட்டுத் துண்டு போர்த்திய பையைச் சுட்டிக்காட்டித் தளவாய் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இந்நூலில் ஒரு சொல் கூட மிகையில்லை. மழை இதைத் தொட்டுப் பார்த்துத் தோற்றது. இதன் ஆசிரியர் யாரென்று நமக்குத் தெரியாது, தேவையும் இல்லை. பேராயத்தின் பதினான்கு ஆண்டு வரலாற்றில் ஆசிரியரின் தொல்லையே இல்லாமல் நாம் கொண்டாடும் முதல் நூல் இது. வாசகர் என்ற தொல்லையும் ஒழிந்துவிட்டால் நம் இலக்கியம் உலகத் தரத்தை எட்டிவிடும்."

கைதட்டினார்கள். நூலைக் காதில் வைத்துக் கேட்டு வாழ்த்துச் சொல்லும்படி வாசக உறுப்பினரை அழைத்தார்கள். பாஸ்கல் மேடைக்கு வந்தான். பையைத் தூக்கினான். லாரிக்காரனுக்குச் சரக்கின் கனம் தெரியும். ஒரு தடவை ஆட்டினான், கலகலவென்றது. அவன் பல்லாலேயே தையலைக் கடித்துப் பிரித்தான்.

உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் உள்ளங்கை அளவு டைல்ஸ் துண்டு. குளியலறைக்கு, சமையலறைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு.

"அட, இங்கனயா கெடந்துது? நாலு மாசமாத் தேடுதேன். கஸ்டமருக்குக் காட்டுத மாடல் ஆல்பம்," என்றார் பொன்னுதுரை மைக்கிலேயே.

தளவாய் ஒரு நிமிடம் அந்த அட்டைகளைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டம். சொல்லே இல்லை. மனிதரே இல்லை. சித்திரக்கதை போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்."

அரை நிமிடம் கைதட்டல். அங்கேயே தீர்மானம் நிறைவேறியது: வரும் ஆண்டில் படைப்பாளிகள் இரண்டடிக்கு இரண்டடி அளவில், நனைந்தாலும் வழுக்காத வகையில் படைக்க வேண்டுமென்று பேராயம் நம்புகிறது. அடுத்த தீர்மானம், பையைப் பிரித்த குற்றத்துக்காக வாசக உறுப்பினரை நீக்குவது. 'வாசக உறுப்பினர் தம் நீக்கத்தை வழிமொழிந்தார்,' என்று நயினார் எழுதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாஸ்கல் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவன் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டப்பிடாரத்தில் போய் நின்றான். வாளி வெயிலில் காய்ந்து, கூழ் அப்பளமாகியிருந்தது.

"நாந்தாம்ளா கெடுத்தேன். ரெண்டு பாகத்தையும் நாந்தான் கெடுத்தேன். என்னத் திட்டு."

சந்தனச்செல்வி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு இதே ஸ்டூல்ல உக்காந்து படிங்கன்னேன். மாட்டேன்னீங்க. எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. அவங்க தொறக்க மாட்டாங்கன்னா அது அவங்க புத்தி. நீங்க படிக்கிற ஆளுல்லா? ஒங்களுக்கு என்ன வந்துது?"

பாஸ்கல் வாளியைக் கீழே வைத்தான்.

"தொறக்கவே மாட்டேன்னு சொல்லுத ஆளுங்களுக்கு உள்ள எதுக்கு அண்ணாச்சி படம்? மெஷின்ல கருப்படிச்சு வீணாப்போன பேப்பர் அறுவத்துநாலு எண்ணி வச்சுத் தைச்சுக் குடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரிகிட்ட வந்து ஒரே பிரதியாம்."

மெஷினுக்கு அடியிலிருந்து அசல் கட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "கடைசி எட்டுப் பக்கம் மட்டும் புதுசு. மொதல்ல உள்ள வேற ஆளு இருந்தான். நீங்க அந்தச் சல்லடைக் கதையச் சொன்ன பெறவு மாத்திட்டேன்."

பாஸ்கல் ஸ்டூலில் உட்கார்ந்தான். ரேஷன் கார்டு நகலுக்கு வந்தவர்கள் அவன் தலைக்கு மேலாகக் கையை நீட்டிக் காகிதம் வாங்கிப் போனார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கன்டெய்னரைக் கனகம் தரையில் இறக்குகிறாள். மூன்று தட்டு. துருப்பிடித்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்க்கிறாள். உள்ளே மேசை, நாற்காலி, மூன்று ஆட்கள். சீல் சரியாக இருக்கிறதா என்று உள்ளேயிருந்து சோதிக்கப் போன கமிட்டி. ஒருவர் தட்டிய கையோடு எழுந்து நிற்கிறார். ஒருவர் இருட்டிலும் குறிப்பு எழுதுகிறார். மூன்றாமவர் சுவரைத் தட்டிக் கீறல் பார்க்கிறார். விழா அழைப்பிதழ்ப் படத்தைப் பார்த்து வரைந்த மூன்று முகமும் பாஸ்கலுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"திறந்துவிடு பெண்ணே," என்கிறார் நிற்கிறவர்.

அவர்கள் போட்ட விதிமுறைப் புத்தகத்தைத்தான் கனகம் எடுத்துப் புரட்டுகிறாள், நூற்றுப் பன்னிரண்டு பக்கமும். கடைசிக் கட்டத்தில் அரக்கு முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கிறவர்களிடம் திரும்பிச் சொல்லுகிறாள்:

"சீல் உடையல. கப்பல்ல ஏத்துங்க."